துடைக்காத வால்வு

என் மகளுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் "அடுத்த வாரம் புனே போறோம்பா" என்றாய். அடுத்த வாரம் என்பது ஒரு தேதி அல்ல. நான் மறுபடி கேட்ட பிறகுதான், சிரித்துக்கொண்டே, 2007 ஜூன் 11, திங்கட்கிழமை என்று சொன்னாய். பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவனிடம் இப்படிப் பேசக் கூடாது என்று உனக்குத் தெரியும். தெரிந்தே சீண்டுகிறாய். இருக்கட்டும். தேதி தெரிந்துவிட்டதால் இந்தக் கடிதத்தை அதற்கு முன்னரே உன் கையில் சேரும்படி எழுதுகிறேன். உன் கணவரும் படிக்கலாம். நாளை உனக்குக் கீழே வேலை பார்க்கப் போகும் பிள்ளைகளும் படிக்கலாம். இதில் ஒளிக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

ஒரு சோதனைப் பிரிவுக்கே தலைமை ஏற்கப் போகிறாய். லாரி எஞ்சின்களின் புகையைக் குறைக்கும் பாகங்கள் எல்லாம் உன் கையெழுத்து விழுந்த பிறகுதான் சாலைக்கு வரும் என்று உன் அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். கீரைக்காரம்மாவிடமும் சொன்னாள். அந்த அம்மா, "புகையில்லாத லாரியா? அப்ப வர்றது எப்புடிங்க தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உன் அம்மா அப்படியே என்னிடம் கொண்டுவந்தாள். அதை நான் உனக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் உன் வேலை என்னவென்று எனக்கு ஓரளவு தெரியும் என்று சொல்லிக்கொள்ள உரிமை இருக்கிறது. 2003 அக்டோபரில் நீ என்னைச் சென்னையில் நீ வேலை பார்த்த சோதனைக்கூடத்துக்கு அழைத்துச் சென்று கண்ணாடிக்கு வெளியே நிற்கவைத்தாய். உள்ளே ஒரு லாரி எஞ்சின் மட்டும், சக்கரமும் இல்லாமல் உடலும் இல்லாமல், இரும்பு மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கும் போகாமலே அது காலையிலிருந்து விழுப்புரம் தாண்டியிருக்கும் தூரம் ஓடிவிட்டதாகச் சொன்னாய். அதன் புகையைக் குழாய்கள் உறிஞ்சி எடுத்து ஓர் இயந்திரத்தில் கொடுக்க, அது எண்களாக மாற்றிக் காட்டியது. பணிமனையில் முப்பத்தொரு வருடம் நான் சுவாசித்த புகைக்கு எண்கள் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் அசையாமல் நின்றதைப் பார்த்து, "போரடிக்குதாப்பா?" என்று கேட்டாய். போரடிக்கவில்லை. அந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எஞ்சின் விஷயத்தில் எனக்கு இல்லை. ஆகவே உன்னுடைய கதையையே உனக்குத் திருப்பிச் சொல்லப் போகிறேன். நீ அதில் நடுவில் இருந்தாய். நான் ஓரத்தில் இருந்தேன். ஓரத்தில் இருப்பவனுக்குச் சில விஷயங்கள் முழுசாகத் தெரியும்.

2004 ஜூன் 7, திங்கட்கிழமை. அன்றுதான் உன் மாமா தங்கராசின் லாரியில் அந்த வால்வைப் பொருத்தினாய். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும் வால்வு. அப்படி அனுப்பினால் உள்ளே சூடு குறைந்து, கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு குறையும் என்று எனக்குப் புரியவைத்தாய். மேடையில் அது நன்றாக ஓடிவிட்டது. இனிச் சாலையில் ஓட வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஒரு லாரி, சேலத்தில் ஒரு லாரி என்று ஏற்பாடாகியிருந்தது. மூன்றாவதாகத் தூசு மிகுந்த ஓர் இடம் வேண்டும் என்று உன் மேலதிகாரி கேட்டபோது, நீதான் அரியலூர் என்றாய். சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சிமெண்டு ஆலைக்குப் போகும் லாரிகள் ஓடும் சாலையில் வேப்பமரம்கூட வெள்ளையாகத்தான் நிற்கும் என்று சொன்னாயாம். உன் மாமாவும் உடனே தலையாட்டிவிட்டான்.

தங்கராசைப் பற்றி உன் கணவருக்காக இரண்டு வரி எழுத வேண்டும். மீன்சுருட்டியில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் உன் அம்மாவுடையது. அவர்களில் முதன்முதலாக வயலை விட்டு வெளியேறியவன் அவன்தான். லோடுமேனாகி, கிளீனராகி, ஓட்டுநராகி, 1998இல் பழைய லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். அதை அவனே ஓட்டினான், வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டான். நீ பிறந்தபோது முதலில் வந்து தூக்கியவன். நீ பொறியியல் சேர்ந்த நாளில், "எங்க வூட்டுப் புள்ள இஞ்சினியரு" என்று லாரியின் பின்பக்கப் பலகையில் எழுதவைத்து, நீ அழுததால் மறுநாளே அழித்தவன்.

ஏழு மாதம் அந்த லாரி ஓடியது. 2005 ஜனவரி 24ஆம் தேதி வால்வைக் கழற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மாலை நீ தொலைபேசியில் பேசியபோது உன் குரல் சரியில்லை. மற்ற இரண்டு ஊர்களிலிருந்து வந்த வால்வுகள் கரியேறி வந்திருந்தன. ஒன்று பாதி அடைத்திருந்தது. அரியலூரிலிருந்து வந்ததோ புத்தம் புதிது போல் பளபளத்தது. உன் மேலதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மிக மோசமான இடத்தில் மிகச் சிறந்த முடிவு; இதையே முன்னால் வைத்து அறிக்கை எழுதலாம், உன் வேலை நிரந்தரமாவதற்கும் இது உதவும் என்றாராம். "சந்தோஷப்பட வேண்டியதுதானேம்மா?" என்று கேட்டேன். "ஏழு மாசம் புகை குடிச்ச வால்வு வெள்ளையா இருக்காதுப்பா. அது புகையையே பாக்கலை" என்றாய். பிறகு, "அதுல சந்தன வாசனை வருதுப்பா" என்றாய்.

அன்றிரவு நீ புறப்பட்டு, மறுநாள் விடிவதற்குள் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் இறங்கினாய். வீட்டுக்குக்கூட வராமல் என்னை அங்கேயே வரச்சொல்லி, இருவருமாக அரியலூர் பேருந்தில் ஏறினோம். ஆலைக்குப் போகும் சாலையில், டீக்கடை எதிரே லாரியை நிறுத்திவிட்டுத் தங்கராசு பல்விளக்கிக்கொண்டிருந்தான். உன்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னா பாப்பா, பாஸாயிட்டியா?" என்றான்.

"மாமா, வால்வ என்ன பண்ணுனீங்க?"

"ஏன், நல்லாத்தான வெச்சிருந்தேன்? ஒரு பொட்டுக் கரி இருந்திச்சா சொல்லு."

"இல்ல. அதான் கேக்குறேன்."

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு, பெருமையோடு விவரித்தான். அந்த விவரிப்பை என்னால் மறக்க முடியாது. நீ பொருத்திவிட்டுப் போன மறுவாரமே வால்வைத் திறந்து பார்த்திருக்கிறான். உள்ளே கரி படியத் தொடங்கியிருந்தது. இப்படியே போனால் பிள்ளை தோற்றுவிடுவாளே என்று பதறிப்போய், மெக்கானிக்கிடம் சொல்லித் தகரத்தில் ஓட்டையில்லாத ஒரு வில்லை வெட்டி, புகை வரும் குழாய்க்குள் ஆழத்தில் வைத்து அடைத்துவிட்டான். அதோடு விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வால்வைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து மறுபடி மாட்டியிருக்கிறான். அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் வேறு. சென்னையிலிருந்து ஆள் வந்து கழற்றுவதற்கு முந்தின நாள், பொட்டு தெரிந்தால் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று அதையும் அழித்திருக்கிறான்.

"ஒன் பேரு கெட்டுப் போயிடக் கூடாதுல்ல ஆத்தா" என்று முடித்தான்.

நான் உன் முகத்தைப் பார்த்தேன். கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ அந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "மாமா, இந்தச் சோதன செல்லாது. நான் அப்படித்தான் எழுதப்போறேன்" என்று மெதுவாகச் சொன்னாய். அவன் முகம் சுருங்கியதை நீ பார்த்தாய். பார்த்தும் வார்த்தையை மாற்றவில்லை.

"என்னா எழுதுவ? எம் மாமன் ஏமாத்திட்டான்னு எழுதுவியா? நான் என்னா திருட்டு வேலையா பாத்தேன்?" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க. பரிட்சைக்குப் போற புள்ளைக்கு வெயில்ல கொட புடிக்கிறது குத்தமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ அவனுடைய லாரியின் முன்சக்கரத்தைக் காட்டினாய். "மாமா, புது டயர் ஒண்ணு வாங்கி, ஷெட்டுல போட்டு தெனமும் தொடைச்சு வெச்சிருந்தா அது தேயாது. ஒரு வருசம் கழிச்சு ஒருத்தன் வந்து, பாருங்க தேயவே இல்ல, நல்ல டயருன்னு சொன்னா, அத நம்பி நீங்க லோடு ஏத்துவீங்களா?"

அவன் சக்கரத்தைப் பார்த்தான். குனிந்து விரலால் அதைத் தடவினான். "ஏத்த மாட்டேன்" என்றான். ஆனாலும் கோபம் தணியவில்லை. லாரியில் ஏறி, எங்களிடம் சொல்லாமலே கிளம்பிப் போய்விட்டான்.

அந்தக் கோபம் எங்கள் வீட்டில் பெரிய இடி என்பது உனக்கு நினைவிருக்கும். உனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. தாய்மாமன் சீர் வராத கல்யாணம் என்றால் மண்டபத்தில் யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசமாட்டார்கள், அதைத்தான் பேசுவார்கள். உன் அம்மா இரண்டு நாள் சமைக்கவில்லை. "ஒரு இரும்புத் துண்டுக்காக எந் தம்பிய விட்டுக் குடுக்கணுமா? வால்வு இருக்குறபடியே எழுதிட்டா என்ன, லாரியா கவுந்துடப் போவுது?" என்று உன்னிடம் கேட்டாள். நீ சொன்ன பதிலை நான் அப்படியே எழுதுகிறேன். "அம்மா, இந்த வால்வ நம்பி ஆயிரக்கணக்குல லாரி செய்வாங்க. அதெல்லாம் நடுரோட்டுல நின்னா, நிக்கிற ஒவ்வொரு டிரைவரும் யாரோ ஒருத்தருக்கு மாமாதான்."

உன் அறிக்கையின் பிரதி ஒன்றை எனக்குக் காட்டினாய். மேலதிகாரி, "லாரி உரிமையாளர் பாகத்தில் கைவைத்தார்" என்று ஒரு வரி எழுதினால் போதும், உன்மேல் பழி வராது என்று சொல்லியிருந்தார். அது பொய்யும் அல்ல. ஆனால் நீ அந்த வரியோடு நிற்கவில்லை. பாகம் அடைக்கப்பட்டிருந்தது, ஆகவே முடிவு செல்லாது என்று எழுதி, அதன் கீழே, "இந்தச் சோதனையில் பாகம் அழுக்காவதும் பழுதாவதும் எதிர்பார்க்கப்படுவதே என்பதை லாரி உரிமையாளருக்குச் சோதனைப் பொறியாளர் விளக்கவில்லை" என்று சேர்த்திருந்தாய். சோதனைப் பொறியாளர் என்றால் நீதான். அந்த ஒரு வாக்கியத்தால் உன் பணி நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. நான் ஆங்கிலத்தில் இருந்த அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லித் தங்கராசுக்குத் தொலைபேசியில் கேட்கவைத்தேன். மறுமுனையில் லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பழிய பாப்பாவே எடுத்துக்கிச்சா?" என்றான். "வெச்சிடுறேன் மச்சான்" என்று வைத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரதராஜன்பேட்டைச் சந்தையில் வாங்கிய முந்திரிப்பருப்போடு வீட்டு வாசலில் நின்றான். உன் அம்மா அன்று சமைத்தாள்.

இரண்டாம் சோதனை 2005 பிப்ரவரி இறுதியில் தொடங்கியது. இந்த முறை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எது எதற்கென்று நீ விளக்கினாய். அவனோ எதையும் பாதியோடு நிறுத்துகிறவன் அல்ல. "பாப்பா, இன்னைக்கு வேணும்னே பள்ளத்துல எறக்கி ஏத்துனேன்" என்று உனக்குச் செய்தி சொன்னான். "வேணாம் மாமா, எப்பவும் போற மாதிரியே போங்க" என்று நீ கெஞ்ச வேண்டியிருந்தது. எப்போதும் போலப் போவது எப்படி என்று அவனுக்கே அப்போது மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்த ஐப்பசி மழையில் வால்வு ஒருநாள் இறுகி நின்றுபோனது. தூசுதான் காரணம் என்று சென்னையில் எல்லோரும் முடிவுகட்டினார்கள். நீ நம்பவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, ஒரு முழு நாள் அவன் லாரியில் உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு நான் மதியம் ஆலை வாசலுக்கு வந்தபோது, அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் லாரி வரிசை. எடைமேடைக்குப் போகக் காத்திருக்கும் வரிசை. ஒரு லாரி உள்ளே போனால் மற்றவை ஒரு வண்டி நீளம் நகரும், மறுபடி நிற்கும். யாரும் எஞ்சினை அணைக்கவில்லை. பேட்டரி பழசு, அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயம்.

பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னா தங்கராசு, கிளீனரு புதுசா?" என்றார்.

"கிளீனரு இல்லடா, இஞ்சினியரு. எம் மருமவ."

"அட, ஒன் வண்டிக்கு வைத்தியம் பாக்க மெட்ராஸ்லேர்ந்து டாக்டர எறக்கிட்டியா? பொழைக்குமா தாயி?"

"வண்டி பொழைச்சுக்கும்ண்ணே. நீங்க எல்லாம் இப்படி நின்னுக்கிட்டே புகை விட்டா நாங்கதான் பொழைக்க மாட்டோம்" என்று நீ சொன்னாய். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவிலேயே நீ திடீரென்று பேச்சை நிறுத்தி, முன்னால் நின்ற லாரிகளையும் பின்னால் நின்ற லாரிகளையும் பார்த்தாய். "அப்பா, இது ஓடி அடைக்கலை. நின்னு அடைச்சிருக்கு" என்றாய்.

மேடையில் உங்கள் எஞ்சின் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. சுமையோடு ஓடும் எஞ்சின் தன் கரியைத் தானே எரித்துவிடும்; மணிக்கணக்கில் சும்மா முனகிக்கொண்டு நிற்கும் எஞ்சினின் ஈரக்கரிதான் வால்வில் ஒட்டி இறுகியிருக்கிறது. அரியலூர் லாரி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம் என்பது சோதனைக்கூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. நீ திரும்பிப் போய், எஞ்சினை மேடையிலும் அதேபோல் நிற்கவைத்து, அதேபோல் அடைக்கவைத்துக் காட்டினாய். வால்வின் வடிவம் மாறியது. புதிய வால்வு அதே மாமாவின் லாரியில் அடுத்த கோடை முழுவதும் இறுகாமல் ஓடியது. உன் வேலை நிரந்தரமானது. இந்த வரிசையை நான் தேதிவாரியாக உனக்கு ஒப்பிக்க முடியும். உன் கணவர் களைத்துப்போவார் என்பதால் விடுகிறேன்.

இப்போது நீ ஒரு பிரிவின் தலைவி. உன்னிடம் பிள்ளைகள் முடிவுகளைக் கொண்டுவருவார்கள். பளபளக்கும் முடிவைக் கொண்டுவருகிறவனை எல்லோரும் உட்காரச் சொல்வார்கள். அவனிடம் கேள்வி கேட்பது உன் வேலை. கரிபடிந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே தயங்கி நிற்பவன் ஒருவன் இருப்பான். அவனை உட்காரச் சொல்வதும் உன் வேலை. உன்மீது உள்ள அன்பினாலோ பயத்தினாலோ யாரும் உனக்காக எதையும் துடைத்து வைக்கும்படி நடந்துகொள்ளாதே. அன்பினால் துடைப்பவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஆனால் உனக்கு அதில் அனுபவம் இருக்கிறது. கண்டுபிடித்த பிறகு அவர்களை இழந்துவிடாமல் இருப்பது அதைவிடக் கடினம். அதையும் நீ செய்திருக்கிறாய். இதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்லவேண்டும் என்றுதான் கடிதத்தைத் தொடங்கினேன். எழுத எழுத, எல்லாம் நீ ஏற்கெனவே செய்தவையாக இருக்கின்றன.

கடைசியாக, நேற்று நீ கேட்ட பொருளைப் பற்றி. 2006 வைகாசியில் உன் கல்யாணத்தன்று தங்கராசு மேளம் முழங்கச் சீர் கொண்டுவந்தான். தேங்காய், பழம், பட்டு, வெல்லம் என்று தட்டுகள் வரிசையாக வந்தன. ஒரு தட்டை மட்டும் அவன் யாரிடமும் கொடுக்காமல், சிவப்புத் துணியால் மூடித் தானே தூக்கிவந்தான். துணியை எடுத்தபோது உள்ளே, இறுகி நின்றுபோன அந்த இரண்டாம் வால்வு. ஆய்வு முடிந்ததும் நீ கேட்டு வாங்கி அவனுக்குக் கொடுத்தது. உன் மாமனார் திகைத்துப்போய், "என்னங்க இது, கரி புடிச்ச இரும்பு?" என்று கேட்டார். "எங்க பொண்ணு கெடுத்த சாமானுங்க. நான் எவ்வளவோ காப்பாத்தப் பாத்தேன், விடல" என்றான் அவன். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் அவன் உன் அருகில் குனிந்து, "இப்பவாச்சும் பொட்டு வெக்கலாமா பாப்பா?" என்று கேட்டதும், "வெய்ங்க மாமா" என்று நீ சொன்னதும் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

அந்த வால்வு நம் கூடத்து அலமாரியில் இருக்கிறது. புனேயில் உன் மேசைமீது வைக்க வேண்டும் என்கிறாய். பழைய வேட்டியில் சுற்றி, பெட்டியில் வைத்து, ஆடாதபடி நான்கு பக்கமும் துணி அடைத்துவிட்டேன். ஞாயிறு காலை தங்கராசே கொண்டுவந்து கொடுப்பான். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். இந்த வீட்டில் தூசு படிந்த ஒரு பொருளையும் நான் ஒருநாள்கூட விட்டுவைத்ததில்லை, கடிகாரத்தின் பின்பக்கத்தைக்கூடத் துடைப்பேன். அந்த வால்வை மட்டும் வந்த நாளிலிருந்து நான் தொடவில்லை. கரி அப்படியே இருக்கிறது. அதன்மேல் அவன் வைத்த சந்தனம் காய்ந்து, ஓரத்தில் லேசாக வெடித்திருக்கிறது. நீயும் துடைக்காதே.

உன் அப்பா,
பெரம்பலூர்.